தடம் நாற்பத்தொன்று

பெருங்குடி ஓடுதளத்து வேலியோரம்
தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கூண்டு,
உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும் எங்கள் ரேடார்.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வரும் முத்திருளாண்டி
"உங்க பொட்டி" என்பார், "நம்ம" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எங்களுக்கென்று தனி அலைவரிசை கிடையாது.
வெள்ளக்கல் செல்போன் டவருடையதில் உள்வாடகை.
நிபந்தனை ஒன்றுதான்:
யாராவது பேச வாயெடுத்தால்
நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ஆகவே இது முதலில் காது, பிறகுதான் குரல்.
கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றிலொரு பங்கு கேட்கும்;
காலி என்றால் ஒரு துடிப்பை எறியும்;
எங்கோ ஒரு ஹலோ எழுந்தால்
அடுத்த துடிப்பைப் பக்கத்துச் சந்தில் அனுப்பும்.
என்ன பேசுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது,
பேசுகிறார்கள் என்று மட்டும் தெரியும்.

சேர்ந்த புதிதில்
அசையாததையெல்லாம் கழித்துவிடச் சொன்னார்கள்.
யானைமலையை ஒரே வரியில் கழித்தேன்.
அன்று சாயங்காலம் ஒத்தக்கடை பஸ்ஸில்
ஜன்னல் முழுக்க அது நின்றது.
சற்று வெட்கமாக இருந்தது.

மலை சுலபம். பைதான் கஷ்டம்.

உச்சி வெயிலில் வெள்ளக்கல் குப்பைமேடு மூச்சு விடும்.
அந்தச் சூட்டில் கரும்பருந்துகள் வட்டமாக ஏறும்,
கூடவே பிளாஸ்டிக் பைகளும் ஏறும்.
விளக்குத்தூண் ஜவுளிக்கடையின் நீலப் பை ஒன்று
பருந்தின் அளவு, பருந்தின் உயரம்,
பருந்தின் அதே அவசரமின்மை.
வாசற்படியைத் தாழ்த்தினால் பையெல்லாம் பருந்து,
உயர்த்தினால் பருந்தெல்லாம் பை.
விமானத்தின் வாய்க்குள் போக
ஒரே ஒரு பருந்து போதும்.

ஏழு மாதம் கழித்துக் கண்டுபிடித்தது இவ்வளவுதான்:
பை காற்றோடு வாதாடாது.
பருந்து எப்போதாவது ஒருமுறை
இறக்கையை அசைத்துக் கணக்கைத் திருத்தும்.
அப்போது எதிரொலியின் ஓரம் லேசாக நடுங்கும்.
நான் சம்பளம் வாங்குவது அந்த நடுக்கத்துக்கு.

வைகாசியில் ஒரு செவ்வாய், பன்னிரண்டு நாற்பத்தேழு.
கொழும்பு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.
அதன் வழியில் தடம் நாற்பத்தொன்று,
பையா பருந்தா என்று திரை சொல்லவில்லை.
அதே நொடி மேட்டிலிருந்து யாரோ பேச ஆரம்பித்தார்.
ரேடார் ஒதுங்கியது.
ஒதுங்கிய சந்திலும் ஆள்.
அதற்கடுத்ததிலும்.
திரையில் கோடு புள்ளிகளாக உதிர்ந்தது;
புள்ளி என்றால் ஊகம் என்று அர்த்தம்.

ஒதுங்காதே என்று கட்டளையிட ஒரு பொத்தான் இருக்கிறது,
கண்ணாடி மூடிக்குக் கீழே.
மூடியைத் திறந்துவிட்டேன்.
அழுத்தினால் அங்கே ஒரு பேச்சு பாதியில் அறும்.
எடைக்கடைக்காரரிடம் விலை கேட்பதாக இருக்கலாம்,
ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதாக இருக்கலாம்.
எனக்கு எப்படித் தெரியும்.
இரண்டு நொடி எண்ணுவது என்று விரலிடம் சொன்னேன்.

ஒன்று முடியுமுன்
பேசியவர் மூச்சு வாங்கினார்.

அவ்வளவு சின்ன இடத்தில்
முந்நூறு துடிப்பு போய்வந்தன.
இருநூற்றுச் சொச்சத்தில் ஓரம் நடுங்கியது.
"பறவை, உறுதி" என்றேன்; என் குரலும் நடுங்கியது.
விமானம் மூக்கைத் தூக்கி
வளையங்குளம் பக்கம் இன்னொரு சுற்றுப் போனது.
மேட்டில் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"பிளேன் ஏன் திரும்பப் போச்சு?" என்றார் முத்திருளாண்டி.
"ஒருத்தர் மூச்சு விட்டார்ணே."
வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்,
மோர் பாக்கெட் ஒன்றை நீட்டினார்.

நான்கு மணிக்குப் புதிதாக ஒரு தடம்,
ஒரே இடத்தில் நின்று விடாமல் இறக்கை அடித்தது.
என் ஏழு மாதக் கணக்கு
பருந்து, பருந்து, பருந்து என்று கத்தியது.
போய்ப் பார்த்தோம்.
வேலி முள்ளில் மாட்டிய நீலப் பை.
முத்திருளாண்டி அதைப் பிய்த்து எடுத்து
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்:
"நல்ல பை மேடம்."